பேசிப்போட்டுப் போனவை

காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அருளப்புவின் குரல் காதுக்குள்ளேயே நிற்கிறது. இனிக் கதைக்க ஒண்டுமில்லை என்றார். சால்வையை உதறித் தோளில் போட்டார், எழுந்தார், அவரோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மீனவர்கள் எல்லாரும் எழுந்தார்கள், நாற்காலிகள் பின்னால் நகர்ந்த சத்தம் ஒலிவாங்கி வழியாக என் தலைக்குள் மரம் அறுப்பதுபோல் வந்து இறங்கியது, அதையும் ஆங்கிலத்தில் சொல்ல நான் வாய் திறந்தேன். திறந்த வாயை மூடச் சிறிது நேரம் ஆயிற்று. கூட்டம் முறிந்தது என்று சொல்லாமலிருக்கத் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். அரசாங்கங்களுக்கு இந்த நாசூக்கு உண்டு, அதை நான் மெச்சத்தான் வேண்டும். ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்றை வைத்தால், முறிந்தது கொஞ்ச நேரத்துக்காவது முறியாமல் இருக்கிறது. கூடத்தின் பின்பக்கம் இந்தக் கண்ணாடிக் கூண்டு, இதற்குள் ஒரு மேசை, ஒரு குடுவை வெந்நீர், அதிமதுரத் துண்டு, நான். ஜன்னலுக்கு வெளியே சென்னையின் கடல் தட்டையாகக் கிடக்கிறது. இந்தக் கடலைப் பற்றித்தான் காலையிலிருந்து பேச்சு, இதன் தெற்கு மூலையைப் பற்றி, இராமநாதபுரத்துக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக் கரைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தண்ணீரைப் பற்றி. இவர்களுடைய விசைப்படகுகள் அங்கே போகின்றன, அவர்களுடைய வலைகள் அறுகின்றன, போகிறவர்கள் பிடிபடுகிறார்கள். இன்று ஒப்பந்தம் கையெழுத்தானால் விசைப்படகுகள் அந்தப் பக்கம் வராத நாட்களைக் குறித்துக்கொள்ளலாம், அங்கே சிறையில் இருக்கிறவர்களை அனுப்பிவிடலாம். கையெழுத்து வரை போய்விட்டோம் என்றுதான் நினைத்தேன். பேனாக்கள்கூட மேசையில் வந்துவிட்டன.

கண்ணாடியில் யாரோ விரலால் தட்டுகிறார்கள். இன்னாசி. காலையில் படியேறும்போது என் கையைப் பிடித்து ஏற்றிவிட்ட பெண், இந்தக் கரையிலிருந்து வந்தவள், கணவன் அந்தக் கரைச் சிறையில் இருக்கிறான், உள்ளே உட்கார இடமில்லை என்று சொல்லப்பட்டு தாழ்வார நாற்காலியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பையில் அவனுக்கு ஒரு சட்டை வைத்திருக்கிறாள், யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்களா என்று கேட்டிருந்தாள். இப்போது கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறாள். "இங்கிலீசுல என்னம்மா சொன்னீங்க, அந்தாளு கோச்சுக்கிட்டுப் போற மாதிரி?" என்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறேன். அவர் காதில் என் இங்கிலீஷ் விழவே விழாது, டெல்லிக்காரர்களுக்கும் கொழும்புக்காரர்களுக்கும் மட்டும்தான் என் குரல், இரண்டு கரைக்காரர்களும் பேசியது தமிழில்தானே என்கிறேன். அதானே, தமிழ்லயே பேசிட்டு எப்படிச் சண்டை வரும், இடையில நீங்கதானே இருக்கீங்க, என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறாள். மெதுவாகச் சாத்தியதுதான் உறைக்கிறது. இடையில் நான்தான் இருக்கிறேன். காலையில் தலைமை தாங்கிய அதிகாரி அதைத்தான் வேடிக்கையாகச் சொன்னார்: இந்த மேசையில் சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் ஒரே மொழி, மொழிபெயர்ப்பு தேவைப்படுவது எங்களுக்கு மட்டும்தான் என்று. அதை நான் இங்கே ஆங்கிலத்தில் வாங்கி அங்கே தமிழில் கொடுக்கவில்லை, அவசியப்படவில்லை, எல்லாரும் சிரித்தார்கள், அருளப்புகூடச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது மேல்வரிசைப் பல் ஒன்று இல்லாதது தெரிந்தது. காலை முழுதும் நான் அருளப்புவாக இருந்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான், அவர் சொன்னார் என்று சொல்வதில்லை, அவர் நான் என்றால் நானும் நான்தான். என் வலையை உன் படகு அறுத்தது என்றேன். அடுத்த நிமிடம் இந்தக் கரை விசைப்படகுக்காரர்களுக்காகப் பேச வந்த சந்தியாகுவாகி, என் பிள்ளைகள் பட்டினி கிடக்க முடியுமா என்றேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடங்களில் எத்தனை பேருடைய நான் என் வாயில் தங்கிப் போயிருக்கிறது, தங்கியது எதுவும் நினைவில் இல்லை, வாய் ஒரு சத்திரம்.

என்ன சொன்னார்கள். நிதானமாக, முதலிலிருந்து. போன மாதம் இங்கிருந்து போன ஒரு விசைப்படகு அவர்கள் வலைமேல் ஏறிவிட்டது. அந்த ஊர் இளைஞர்கள் தங்கள் சிறிய படகில் பக்கத்தில் போய் நியாயம் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அருளப்பு குரலை உயர்த்தவில்லை. வலை போனதைப் பற்றி நிறையவும் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "உங்கட ஆக்கள் எங்கட பெடியளைப் பேசிப்போட்டுப் போனவை." சந்தியாகு உடனே, அதுவும் சந்தோஷமாக, ஆமாம் சந்தோஷமாகத்தான், எனக்கு அந்தக் குரலின் ஏற்றம் நினைவிருக்கிறது, "ஆமாண்ணே, பேசுனாங்க. அதுல என்ன இருக்கு, இனிமேயும் பேசத்தான் செய்வாங்க. நான்தான் பேசச் சொன்னேன்" என்றார். அதோடு முடிந்தது. அருளப்பு எழுந்துவிட்டார். இனிக் கதைக்க ஒண்டுமில்லை. அவர் முதுகைப் பார்த்து சந்தியாகு, நாம சொல்றது கதையாம்ல என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகியது ஒலிவாங்கியில் விழுந்தது, அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை, அது சபைக்குச் சொன்னதில்லை. எங்கோ ஒரு நூல் சிக்கியிருக்கிறது. தெரிகிறது, விரலுக்கு அகப்படவில்லை. சமீபத்தில் இப்படி நிறைய ஆகிறது. போன வாரம் தேநீர் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு என்ன பெயர் என்று நின்றேன், தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டது. ஒருநாள் இந்தக் கூண்டுக்குள்ளேயே அது நடக்கும், யாரோ ஒருவருடைய நான் பாதியில் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. குளிர்சாதனம் நேராக முழங்காலில் அடிக்கிறது. வெளியே எண்ணெய்ச் சமோசா வாசனை, ஒருவரும் சாப்பிடவில்லை போலிருக்கிறது, தட்டுகள் அடுக்கியபடி போகின்றன.

தவமலர் இருந்திருந்தால் இந்த இடைவேளையைத்தான் பார்க்க வேண்டும் என்றிருப்பாள். கையெழுத்தைப் பார்க்க எல்லாரும் வருவினம் திலகம், சனம் எழும்பிப் போற இடத்திலதான் நாடு எப்படி உண்டாகுதெண்டு தெரியும் என்பாள். அவள் யாழ்ப்பாணத்துப் பெண். படிக்க மதராசுக்கு வந்து, கல்லூரி விடுதியில் என் அறையில் வந்து விழுந்தாள். நான் இலக்கியம், அவள் அரசியல். பிறகு பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் வாழ்நாள் முழுக்க, நாடுகள் ஏன் ஒன்றையொன்று நேசிக்கின்றன, ஏன் அஞ்சுகின்றன என்று சொல்லிக்கொடுத்தாள். போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் போய்விட்டாள். அவள் துறையில் மற்றவர்கள் கப்பலையும் துப்பாக்கியையும் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரே ஒரு விளக்கைப் பற்றிப் பேசினாள். எனக்கு அந்த உரையின் ஒலிநாடாவை அனுப்பியிருந்தாள், நான் அடுப்படியில் நின்று கேட்டேன், கேட்டு முடிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அதில் அவள் சொன்னது இது: என் தகப்பன் கடலுக்குப் போன காலத்தில், இருட்டில் தூரத்தில் ஒரு விளக்குத் தெரிந்தால் கூவிக் கூப்பிடுவார்கள், புகையிலை இருக்கிறதா என்று கேட்பார்கள். இன்றைக்கு அதே கடலில் தூரத்தில் ஒரு விளக்குத் தெரிந்தால் தங்கள் விளக்கை அணைக்கிறார்கள். கடல் மாறவில்லை. விளக்கும் மாறவில்லை, அதே மண்ணெண்ணெய். விளக்கைப் பார்க்கிறவன் தன்னை யாரென்றும் அங்கே இருக்கிறவனை யாரென்றும் நினைத்துக்கொண்டது மாறிவிட்டது. அந்த நினைப்பை ஒருவரும் தனியாகச் செய்யவில்லை, கூப்பிட்டும் கூப்பிடாமலும், பதில் சொல்லியும் சொல்லாமலும், இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்தது. சேர்ந்து செய்ததைச் சேர்ந்து மாற்றலாம். இவ்வளவுதான் அவள் சொன்னது. இதைச் சொல்ல ஆயுசு முழுக்க வேண்டியிருந்ததா என்று ஒரு உறவினர் கேட்டாராம், ஓம், அதுவும் போதேல்லை என்றாளாம். எனக்கு அவள்மேல் இருந்தது பொறாமை இல்லை, பல நாள் சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல வரியைக் கேட்டால் உடனே யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றுமே, அதுதான். ஒரு மனுஷி ஒரு விளக்கை வைத்துக்கொண்டு உலக வரைபடத்தின் கோடுகளையெல்லாம் அசைத்துவிட்டாள்.

அந்தக் கொள்கைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தொலைபேசியில் மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். அகராதிக்காரர்கள் கட்டமைப்புவாதம் என்று வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு கடல் தாண்டி வந்து என் காதை அடைத்தது, கட்டட ஒப்பந்தக்காரர் சங்கம் மாதிரிக் கிடக்கு என்றாள். ஆக்கவாதம் என்றேன், சோறாக்குறதோ என்றாள். பிறகு ஒருநாள் நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது, புழக்கம். புழங்கினால்தான் பாத்திரம் பாத்திரம், வழி வழி. அந்த வீட்டோடு நாங்கள் புழங்குகிறோம் என்றால் போக்குவரத்து இருக்கிறது, கை நனைக்கிறோம், நல்லது கெட்டதுக்கு நிற்கிறோம் என்று அர்த்தம், புழங்குவதில்லை என்றால் சுவர் இல்லாமலே சுவர் இருக்கிறது என்று அர்த்தம். புழக்கவாதம் என்றேன். அவள் மெதுவாக, எங்கட பக்கமும் அப்பிடித்தான் சொல்லுவினம் திலகம், புழங்குற சனம், புழங்காத சனம் எண்டு, என்றாள். அவள் புத்தகம் எதிலும் அந்தச் சொல் வரவில்லை, அவள் ஆங்கிலத்தில்தானே எழுதினாள், ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தொழில் மொழிபெயர்ப்பு என்று பெயர்.

அவளுடைய எல்லா உரையிலும் எங்கள் விடுதி அறை ஒரு ஓரத்தில் வந்துவிடும். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் அவள் கட்டில் பக்கம், மண்பானை என் கட்டில் பக்கம். ஒருநாள், ஒரே ஒருநாள், எங்களுக்குள் மனஸ்தாபம், அன்றைக்கு முழுக்க நான் ஜன்னலுக்குப் போகவில்லை, அவள் தண்ணீர் குடிக்கவில்லை. வெயில் காலம். அறையின் நடுவில் ஒருவரும் கோடு போடவில்லை, ஆனால் இரண்டு பேரும் அதை மிதிக்காமல் நடந்தோம், கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் கோடு எங்கே என்று காட்டியிருப்போம். மறுநாள் அது இல்லை. அந்தக் கோட்டைத்தான் நான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இருபக்கமும் வேலி போட்டுப் படிப்பிக்கிறன் என்பாள். ஆனால் மனஸ்தாபம் எதனால்? அதை அவள் உரைகளில் சொன்னதில்லை, சின்ன விஷயம் என்று தாண்டிவிடுவாள். புடவை உலர்த்தியதா. இல்லை, புடவை சம்பந்தம் உண்டு, ஆனால் சண்டை புடவையால் இல்லை. வார்டன். வார்டன் மேல்மாடி ஜன்னலில் புடவை தொங்குவதைப் பார்த்துவிட்டார், தெருவிலிருந்து தெரிகிறது என்று. தவமலர் அறைக்குள் வந்தாள், முகம் சிவந்திருந்தது, கட்டிலில் உட்கார்ந்தாள். எனக்கு அவள் பின்னலின் ஈரம்கூட நினைவிருக்கிறது, சட்டையில் வட்டமாக ஊறியிருந்தது, அவள் சொன்ன வாக்கியம் மட்டும், அதற்கு நான் சொன்ன பதில் மட்டும். நான் ஏதோ வேடிக்கையாக, இல்லை, வேடிக்கையாக இல்லை, மனதாரச் சொன்னேன். அட, உன் அதிர்ஷ்டம் என்றேன். ஏன் அதிர்ஷ்டம். வார்டன் யாரிடமும் வாய் திறக்காதவர் என்பதால். வார்டன் யாரிடமும் பேசமாட்டார். உன்னிடம் பேசினாரா, என்ன பேசினார் என்று கேட்டேன்.

வார்டன் என்னைப் பேசிப்போட்டா, திலகம்.

அதுதான். அம்மா, அதுதான். அவள் அழுதுகொண்டே வந்து சொன்னதற்கு நான் உன் அதிர்ஷ்டம் என்றேன். மறுநாள் காலை அவளே மண்பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னாள், எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது, நீங்கள் பேசுறதெண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறதெண்டுவம். எங்கள் ஊரில் கதைக்கிறது என்றால் புளுகுவது என்றேன். அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டுஞ் செய்யேலாது, சும்மா இருப்பம் என்றாள், சிரித்துச் சிரித்து வார்டன் மறுபடி வந்து இரண்டு பேரையும் பேசிப்போட்டுப் போனார். அருளப்பு சொன்னது, எங்கள் இளைஞர்களை உங்கள் ஆட்கள் கேவலமாகத் திட்டிவிட்டுப் போனார்கள் என்று. சந்தியாகுவுக்குக் கேட்டது, உங்கள் ஆட்கள் எங்கள் இளைஞர்களோடு பேசிவிட்டுப் போனார்கள் என்று. ஆமாம், பேசினார்கள், நான்தான் பேசச் சொன்னேன் என்று அவர் சொன்னபோது அவருக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும். கடலில் பார்த்தால் விளக்கை அணைத்துவிட்டு ஓடாதீர்கள், நின்று நாலு வார்த்தை பேசுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லியனுப்பியிருப்பார், பேசிட்டு வந்தோம் என்று அவர்களும் வந்து பொய் சொல்லியிருப்பார்கள். அருளப்புவுக்குக் கேட்டதோ, ஆமாம் திட்டினார்கள், இனியும் திட்டுவார்கள், திட்டச் சொன்னவனே நான்தான். யார்தான் எழுந்து போகமாட்டார். நான் என்ன சொன்னேன் ஆங்கிலத்தில்? இப்போது என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது. முதலில் திட்டினார்கள் என்பதற்கான சொல்லைச் சொன்னேன். பதிலில் பேசினார்கள் என்பதற்கான சொல்லைச் சொன்னேன். இரண்டும் சரி. தவமலரோடு அத்தனை வருடம் புழங்கிய வாய், கேட்காமலே இரண்டையும் சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. சரியாகச் சொன்னதால்தான் எனக்கு எதுவும் இடறவில்லை.

உறுதியா? ஏசிப்போட்டு என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஏசி, பேசி, ஒரு உதட்டு மூடல்தான் வித்தியாசம், இந்த வயதில் இந்தக் காதில். ஏசி என்றால் சந்தியாகுவுக்குப் புரிந்திருக்கும், அந்தச் சொல் இங்கேயும் உண்டு, அப்படியானால் அவர் தெரிந்தேதான் சொன்னார், நான் போய்ச் சமாதானம் சொன்னால் ஒரு முரடனுக்கு வக்காலத்து வாங்கிய கிழவி ஆவேன். இந்தியப் படங்களில் பேசு பேசு என்று ஆயிரம் முறை கேட்டிருப்பாரே அருளப்பு, அவருக்கா தெரியாது? தெரியும்தான். கோபம் வரும்போது சொல் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் சந்தியாகுவின் குரல் ஏறியது. அந்த ஏற்றம் மிரட்டுகிறவன் குரலில் வராது, பரிசு வாங்கிவந்த பிள்ளையின் குரலில் வருவது. என் நினைவை நம்பமாட்டேன், ஆனால் குரலின் ஏற்ற இறக்கத்தில் நான் தவறியதில்லை, அது ஒன்றுதான் எனக்கு மிச்சம். அப்படியே இருந்தாலும் எனக்கு என்ன உரிமை. இந்தக் கூண்டுக்குள் எனக்கு நான் கிடையாது. எழுந்துபோய் ஒரு தரப்பிடம் பேசினால் நாளைக்கு யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், அது நியாயமும்கூட, கண்ணாடி தானாக வாய் திறந்தால் யார் அதன் வழியாகப் பார்ப்பார்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு வேன் வந்து நிற்கிறது. அதன் கதவு இழுபடும் சத்தம். பக்கத்துத் தாழ்வாரத்தில் இன்னாசி பையிலிருந்து சட்டையை எடுத்து, பிரித்து, முன்பைவிடச் சின்னதாக மடிக்கிறாள்.

படிகளில் இறங்கும்போது முழங்கால் பேசியது, எந்த ஊர் அர்த்தத்தில் என்று தெரியவில்லை. அருளப்பு வேனுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார், ஏறவில்லை, மற்றவர்கள் ஏறட்டும் என்று நின்றார். அவரிடம் போகும்வரை எனக்கு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியாது, உங்களோடு பேசவேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது, விழுங்கினேன்.

"தம்பி, உங்களோட ஒருக்காக் கதைக்கலாமோ?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தவா என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். இரவல் வாங்கிய மொழியில் நான் சொன்னேன், பாதி தவமலருடையது, பாதி என்னுடையது. சந்தியாகு பேசினவை என்று சொன்னது ஏசினதை இல்லை, கதைச்சதை. எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் சொல். "அது தெரியும் அம்மா. படத்தில பாக்கிறனான் தானே" என்றார். பிறகு, "அப்ப, நான்தான் பேசச் சொன்னனான் எண்டது?"

"கதைக்கச் சொன்னவர். கடலில கண்டால் ஓடாமல் நிண்டு கதையுங்கோ எண்டு."

வேனுக்குள்ளிருந்து ஒருவர், அண்ணை, அந்த மனுசன் பேசாமலே பேச்சு வாங்கியிட்டார் என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அருளப்பு சிரிக்கவில்லை. எங்கட பெடியளைப் பேசினது பேசினதுதானே, அது பொய்யில்லையே என்றார். பொய்யில்லை, அது அவருக்குத் தெரியாது, நீங்கள் சொன்னது அவர் காதில் அந்த அர்த்தத்தில் விழவில்லை என்றேன். அவர் கையை நீட்டினார், விடைபெறக் கைகுலுக்க என்று நினைத்தேன், இல்லை, திரும்பப் படியேறப் பிடித்துக்கொள்ளச் சொல்லி. காலையில் ஒரு கரையின் கை, இப்போது இன்னொரு கரையின் கை. அவரது உள்ளங்கை கயிறு ஓடி ஓடி மரம்போல் இருந்தது.

இப்போது நான் மறுபடி கூண்டுக்குள் இருக்கிறேன், காதுக்கருவி குளிர்ந்துபோயிருக்கிறது. அருளப்பு உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தச் சொல்லைத் தவிர்த்து, உங்கட ஆக்கள் எங்கட பெடியளை ஏசினவை, தாயைச் சொல்லி ஏசினவை என்கிறார். நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன். சந்தியாகு முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு மெதுவாக எல்லாம் நடக்கிறது. "திட்டுனாய்ங்களா?" என்கிறார். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கிறார், அவர் மேசையைப் பார்க்கிறார். "எங்கிட்டப் பேசிட்டு வந்தோம்னுதான சொன்னாய்ங்க. வலையையும் அறுத்துட்டு, வாயையும் விட்டுட்டு வந்திருக்காய்ங்களா." எழுந்து நிற்கிறார். "தப்புண்ணே. நான் பேசச் சொன்னது இது இல்ல. இது தப்பு." அதையும் சொல்கிறேன், நான் சொன்னது இது இல்லை, இது தவறு என்று, சந்தியாகுவின் நான் என் வாயில் நடுங்குகிறது, நடுங்கக் கூடாது. டெல்லிக்காரரும் கொழும்புக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, இடைவேளைக்கு முன்னும் பின்னும் அதே வலை, அதே மீன், அதே கடல். தவமலர், உன் விளக்கு. நீ இதைப் பார்க்கவில்லையே. மதராசில் ஒரு அறையில் நீ தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒருநாள் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

அருளப்பு நாற்காலியை இழுக்கிறார். முன்னால் இழுக்கிறார். உட்காருகிறார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்த இன்னாசியும் அப்போதுதான் உட்காருகிறாள், பை மடியில். வலை போகட்டும், வலை வாங்கலாம், அதைப் பிறகு கதைப்பம் என்கிறார் அவர். எங்கட தகப்பன்மார் உங்கட கரையில வந்து படம் பாத்திட்டு விடிய வள்ளத்தில திரும்பினவை, உங்கட ஆக்கள் எங்கட கோயில் பெருநாளுக்கு வந்து எங்கட வீட்டில படுத்தவை என்கிறார். எல்லாம் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கிறது, என் குரல் எனக்கே நன்றாகக் கேட்கிறது, தொண்டை தெளிந்திருக்கிறது. அவர் நிறுத்துகிறார். சந்தியாகுவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொல்கிறார்.

"நாங்கள் புழங்கின சனம், தம்பி."

சந்தியாகு தலையை ஆட்டுகிறார். அந்தச் சொல் அவருக்கு எங்கும் இடறவில்லை, அங்கேயும் இங்கேயும் ஒரே அர்த்தத்தில் கிடக்கிற சொல். நான் வாய் திறக்கிறேன். பழகியவர்கள் இல்லை. உறவினர் இல்லை, நண்பர் இல்லை, அண்டைவீட்டார் இல்லை, எல்லாம் வருகிறது, எதுவும் அது இல்லை. மறதி இல்லை இது, சொல் கையில்தான் இருக்கிறது, வைக்கத்தான் ஆங்கிலத்தில் இடம் இல்லை. டெல்லி அதிகாரி காதுக்கருவியை எடுத்து, பழுதாகிவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்க்கிறார்.